கருவறையில் தொடங்கும் இரத்தம்

 

பிறந்தபோது செக்கச் சிவந்திருந்த குழந்தை, இரண்டு மாதங்களில் சற்று வெளிறிக் காணப்படுவதுண்டு. உடனே, "தாய்ப்பாலில் சத்தில்லை" என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். அச்சொல் எத்தனை தாய்மார்களைக் கண்ணீர் சிந்த வைத்திருக்கிறது! உண்மையை அறிந்து பேசுவது நம் கடமையல்லவா?

கருவின் இரத்தம் மூன்றாம் வாரத்தில் கருவுணவுப்பையில் தோன்றுகிறது. பின்னர் கல்லீரலும், இறுதி மாதங்களில் எலும்பு மஜ்ஜையும் அப்பணியை ஏற்கின்றன. இரத்த அணுக்களைப் பெருகச் செய்பவை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள். அவற்றுள் ஒன்றே எரித்ரோபாய்ட்டின். ஆக்சிஜன் குறையும்போது அது சுரந்து, சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. தாயின் எரித்ரோபாய்ட்டின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. சிசு தனக்கு வேண்டியதைத் தன் கல்லீரலிலேயே உருவாக்கிக் கொள்கிறது. பிறந்தபின் அப்பொறுப்பு படிப்படியாகச் சிறுநீரகத்திற்கு மாறுகிறது.

அதன் அளவோ மிக நுண்ணியது. 1977இல் யூஜின் கோல்ட்வாசரின் குழுவினர், இரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே பிரித்தெடுத்தனர். வல்ல இறைவனின் ஏற்பாட்டைச் சிந்தித்துப் பாருங்கள்!

குழந்தை மூச்சு விடத் தொடங்கியதும் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே இச்சுரப்பு தணிகிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 17 கிராமாக இருந்த ஹீமோகுளோபின், 8 முதல் 12 வாரங்களில் 11 கிராம் அளவிற்கு இறங்குகிறது. பிறகு சுரப்பு மீண்டும் பெருகிச் சீரடைகிறது. நிறைமாதக் குழந்தைக்கு இது நோயுமன்று, தாய்ப்பாலின் குறையுமன்று.

குறைமாதக் குழந்தையின் நிலையோ வேறு. அதன் கல்லீரல் ஆக்சிஜன் குறைவை மந்தமாகவே உணர்வதால், இரத்தம் விரைவாகவும் அதிகமாகவும் குறைகிறது. ஒரு கிலோ எடையுள்ள சிசுவின் மொத்த இரத்தமே ஏறத்தாழ 90 மில்லிலிட்டர்தான்! வெள்ளணுக்களின் சேமிப்பும் குறைவாதலால் நோய்த்தொற்று எளிதில் பற்றுகிறது.

எனவே சகோதரர்களே! கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உண்ணச் செய்யுங்கள். குழந்தைக்கு உடனடி மூச்சுதவி தேவைப்படாதபோது, ஒரு நிமிடமேனும் கழித்துத் தொப்புள்கொடியைத் துண்டிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பேறுகாலத்திற்கு முன்பே இதை மருத்துவரிடம் பேசி வையுங்கள். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் கூறும் இரத்தப் பரிசோதனையையும் இரும்புச்சத்துத் துளிகளையும் ஒத்திப்போடாதீர்கள். எக்குழந்தையாயினும் பால் குடிக்கச் சோர்ந்தால், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சுமந்து பெற்றவளைப் பழித்துவிட்டு அந்த அமானிதத்தை எவ்வாறு பேணுவோம்? தாய்மார்களுக்கு ஆறுதலாகவும், குழந்தைகளுக்குக் காவலாகவும் இருக்க இறைவன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.