தேநீரும் கிணற்று நீரும்

(வவுனியாவில் விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேநீரைப் பற்றிப் பேச வழக்கறிஞனுக்கு என்ன உரிமை என்று இங்கு வந்துள்ள வைத்திய நண்பர்கள் கேட்கக்கூடும். தாம் குடிப்பதில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிவது குடிமக்களின் உரிமை. அதனைக் கேட்டுப் பெறுவது எமது தொழில்.

தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை உறிஞ்சி இலையிற் சேர்த்து வைக்கும் இயல்புடையது. இளங்கொழுந்தில் அது குறைவு; முற்றிய இலையிலோ பன்மடங்கு. திபெத்திலே முற்றிய இலையையும் தண்டையும் அழுத்திச் செய்த கட்டித் தேயிலையை நாள்தோறும் காய்ச்சிக் குடித்த மக்களுக்குப் பல் கறைபட்டது. எலும்பும் மூட்டும் கெட்டன. அமெரிக்காவில் ஒரு பெண் நாளொன்றுக்கு 100 முதல் 150 வரையான தேயிலைப் பைகளை ஊறவைத்து 17 ஆண்டுகள் குடித்து எலும்பு நோயுற்றதை 2013இல் மருத்துவ ஏடொன்று வெளியிட்டது. அத்தனை பைகளை வாங்க நம்மில் எவருக்கும் வசதியில்லை. அவ்வகையில் அஞ்ச வேண்டாம்!

ஆனால் தேநீரை மட்டும் கூண்டில் ஏற்றினால் அது அரைகுறை வழக்காகும். நல்ல கொழுந்துத் தேயிலையை நல்ல நீரிலிட்டு அளவாகக் குடிப்பவருக்குத் தீங்கில்லை. சிறிதளவு புளோரைட்டு பல்லைக் காக்கவும் செய்யும். நமது வழக்கில் இரண்டாம் எதிரி கிணறு. அனுராதபுரம், வவுனியா உட்பட வறண்ட வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைட்டு மிகுந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. 2013ஆம் ஆண்டின் இலங்கைத் தரமோ 1.0 என்கிறது. வெயிலில் உழுபவன் நிழலில் இருப்பவனைவிட அதிகம் குடிக்கிறான். ஆதலால் குறைந்த எல்லையே நமக்கு நீதியானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்த நீரில் தேயிலையையும் இட்டால் இரண்டின் பங்கும் ஒரே உடம்பிற் சேர்கின்றன.

பெரிதும் இழப்பவர்கள் குழந்தைகள். ஏறத்தாழ எட்டு வயது வரை, பல் உருவாகும் காலத்தில் ஏற்படும் கறை எந்தப் பற்பொடிக்கும் போகாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே கிணற்றுநீர் சோதிக்கப்படும் வரை சிறுவர்களுக்கு வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு குடிநீர்க் கிணறும் சோதிக்கப்பட்டு, முடிவு அக்கிணற்றடியிலேயே தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது நமது கோரிக்கை. முன்னர் நடந்த சோதனைகளின் முடிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்திற் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். விண்ணப்பங்களை எழுதி வாயிலில் வைத்திருக்கிறேன், கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.