அஞ்சு அளவும் எடுத்தாச்சா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாத்துக்கும் நாம கணக்கு வைக்கிறோம். நோய்க்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு ஊரில் காசநோயால் 70 வயசுப் பெரியவர் ஒருத்தர் இறக்கிறார். 30 வயசுத் தாய் ஒருத்தரும் இறக்கிறார். ரெண்டு சாவு என்று எழுதினால் போதுமா? அந்தத் தாய் இன்னும் வாழ்ந்திருக்க வேண்டிய 40 வருஷமும் போச்சே! இப்படி இழந்த வருஷங்களையும், நோயோடு கஷ்டப்பட்ட வருஷங்களையும் கூட்டிப் பார்ப்பதைத்தான் ‘நோய்ச்சுமை’ என்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு மருத்துவர்களுக்கும் பயிற்சி தேவை. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதலே களத்தில் தகவல் எடுத்து ஆராயும் பயிற்சியை மருத்துவர்களுக்குத் தருகிறது. ஆனால் அவர்கள் கணக்குக்கு அடிப்படை, வீட்டு வாசலில் நாம் சொல்லும் பதில்தான்.

இதில் நம்ம மாவட்டத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இதில் சேர்ந்தார்கள். 15 வருஷம் கண்காணித்தார்கள். பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயை அது தடுக்கும். அதனால் பிறந்த குழந்தைக்குக் கட்டாயம் போடணும். பெரியவர்களுக்கோ, நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வழி.

2022-ல் தமிழக அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கொண்டுவந்தது. நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் அஞ்சு விஷயம் பார்க்கணும்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. மூச்சு 24-க்கு மேல் போனாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ ஆபத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். 2025-ல் இந்த அளவுகளை வைத்து இறப்பு அபாயத்தையே கணக்கிடும் வசதியும் வந்தது. தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் நூற்றுக்கு 10 முதல் 50 வரை. மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை. இது ஜோசியம் இல்லை. முன்னால் சிகிச்சை பெற்றவர்களின் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் ரெண்டு மாதத்திலேயே நடக்குது. ஆனால் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம்ம கடலோரத்தில், மீன் கூடை தூக்கினால்தான் அன்னைக்கு அடுப்பெரியும் என்ற நிலையில் இருக்கிற அக்கா எப்படி ஆஸ்பத்திரியில் படுப்பாங்க? பிள்ளைகளை யார் பார்ப்பது? தவணையை யார் கட்டுவது?

அங்கேதான் குழு வேண்டும், தோழிகளே. அந்த மாதத் தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடுங்க. பிள்ளைகளுக்கு முறை வைத்துச் சாப்பாடு கொடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்க. நோய் உறுதியானால், “அஞ்சு அளவும் எடுத்தாச்சா?” என்று கேளுங்க. கேட்பது நம் உரிமை.