கைவலிக்கும் கணக்கு உண்டு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



லாரி கவிழ்ந்தால் தோட்டமே ஓடி வருகிறது. ஸ்டோரில் கண்ணில் ஆசிட் தெறித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிறோம். ஆனால் இருபது வருஷம் பால் வெட்டிய கை ஒருநாள் விடியலில் கத்தியைப் பிடிக்க மறுத்தால்? “தைலம் போட்டு நீவி விடு” என்கிறோம். அத்தோடு சரி.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு 500 மரம். மரத்துக்குப் பத்து இழுப்பு என்று குறைத்து வைத்தாலும் ஒரு காலையில் 5,000 இழுப்பு. அதுவும் எப்படிப்பட்ட இழுப்பு! பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்; ஆழம் போனால் மரம் காயப்படும், மண்டோர் சத்தம் போடுவார். கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நின்று கையை உதறவும் நேரமில்லை. பிறகு பால் எடுக்க வேண்டும், வாளி சுமக்க வேண்டும். தசைநார் வீங்காமல் என்ன செய்யும்?

கிராணிமார் சிரிக்க வேண்டாம். ஓயாமல் எழுதுகிறவர் கைக்கு வரும் நோயைப் பற்றி இத்தாலிய வைத்தியர் ராமஸினி 1713-லேயே எழுதி வைத்தார். பேனா போய்க் கணினி வந்தும் அந்த நோய் நம்மை விடவில்லை.

இனிச் சொல்லப்போவது கிராணிமாராகிய நம்முடைய குற்றம். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா கைவலியால் மாதம் இரண்டு மூன்று நாள் வராமல் நின்றார். செக்ரோலில் நாம் என்ன எழுதினோம்? “வரவில்லை.” கிளினிக் சீட்டில் வெறும் “வலி”. கடைசியில் விரல் மடங்காமல் போய் நஷ்டஈடு கேட்டபோது, வேலையால் வந்த வலி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சோம்பேறி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச நமக்கு வெகுநாள் ஆயிற்று.

சட்டம் இல்லாமலா? 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. சொக்சோ என்று நாம் சொல்வது இதைத்தான். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவால் கைக்கு வரும் நோய்க்கும் அதில் இடம் உண்டு. டாக்டர் நாலு நாளோ அதற்கு மேலோ லீவு கொடுத்து, கோரிக்கையும் ஏற்கப்பட்டால், சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 80 கிடைக்கும். 2019 ஜனவரி முதல் முறையான அனுமதியோடு வேலை செய்யும் அயல்நாட்டுத் தோழர்களுக்கும் வேலைக் காயத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

விபத்துக்குத் தேதி உண்டு, கைவலிக்கு இல்லை. ஆகவே தேதியை நாம்தான் உண்டாக்க வேண்டும். டாக்டரிடம் “கை வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வருஷம் வெட்டுகிறீர்கள், எத்தனை மரம், எந்த விரல் மரத்துப்போகிறது, இரவில் தூக்கம் கெடுகிறதா, எல்லாம் சொல்லுங்கள்; சீட்டில் எழுதும்படி கேளுங்கள். சீட்டுகளைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நாம் எழுதித் தருகிறோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். பழைய சீட்டு எது இருந்தாலும், கிழிந்திருந்தாலும், கொண்டு வாருங்கள்.