மூக்கும் மேலங்கியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று ஒரு மரப்பொம்மையின் கதையைச் சொல்லப் போகிறேன். அவன் பெயர் பினோக்கியோ. பெயரைக் கேட்டதுமே சில பிள்ளைகள் மூக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் என்பதுதான் அந்தக் கதையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே செய்தி. பெற்றோருக்கும் அது வசதி. "பிஸ்கட்டை யார் எடுத்தது? மூக்கு நீளுது பாரு!" என்று மிரட்டலாம் அல்லவா? ஆனால் கதையில் மூக்கு சிறிது நேரம்தான் வருகிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்ப வருவது ஒரு மேலங்கி. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இதை எழுதியவர் இத்தாலியில் புளோரன்ஸ் நகரைச் சேர்ந்த கார்லோ லொரென்சினி. 1826-இல் ஒரு சமையற்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் சில காலம் குருமடத்தில் படித்தவர். தம் தாயின் ஊரான கொலோதியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1881-இல் ஒரு சிறுவர் இதழில் தொடராக எழுதத் தொடங்கியவர், பதினைந்தாம் அத்தியாயத்தில் பொம்மையை மரத்தில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார்! வாசித்த பிள்ளைகள் விடவில்லை. அவர்கள் கேட்டதால் கதை தொடர்ந்தது. 1883-இல் நூலாகவும் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் பினோக்கியோவுக்கு மனந்திரும்ப நேரமே கிடைத்திருக்காது.

ஜெப்பெத்தோ என்னும் ஏழைக் கிழவர், பேசும் மரக்கட்டை ஒன்றிலிருந்து இந்தப் பொம்மையைச் செதுக்குகிறார். கண்ணைச் செதுக்கியதும் அது முறைக்கிறது. வாயைச் செதுக்கியதும் கேலி செய்கிறது. கையைச் செதுக்கியதும் அவருடைய பொய்முடியைப் பிடுங்குகிறது. காலைச் செதுக்கியதும் அவர் மூக்கிலேயே ஓர் உதை! நடக்கக் கற்றுக்கொடுத்தால், தெருவைப் பார்த்து ஒரே ஓட்டம்.

பசித்து அழும் மகனுக்கு, தம் காலை உணவுக்கென வைத்திருந்த மூன்று பேரிக்காய்களையும் கொடுக்கிறார் ஜெப்பெத்தோ. துரைக்குத் தோல் சீவித் தர வேண்டுமாம். சீவித் தருகிறார். மூன்று பழமும் தீர்ந்த பிறகும் பசி அடங்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய தோலையும் நடுத்தண்டையும் ஒன்றுவிடாமல் தின்று தீர்க்கிறான். நம் வீட்டில் "எனக்கு உப்புமா பிடிக்காது" என்று தட்டைத் தள்ளிவிட்டு, ராத்திரி சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

அடுத்து, பள்ளிக்கூடம் போக வேண்டும், அரிச்சுவடி வேண்டும், கையில் காசு இல்லை. ஜெப்பெத்தோ ஒட்டுப்போட்ட தம் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். திரும்பும்போது கையில் புத்தகம் இருக்கிறது, உடம்பில் மேலங்கி இல்லை. வெளியே பனி கொட்டுகிறது. எங்கே என்று மகன் கேட்டால், அது புழுக்கமாக இருந்ததென்று சொல்லிச் சமாளிக்கிறார்.

பள்ளிக்குப் போகும் வழியில் மேளச் சத்தம் கேட்கிறது. பொம்மலாட்டம்! நுழைவுக்கு நான்கு காசு. பினோக்கியோ அந்தப் புத்தகத்தை நான்கு காசுக்கு விற்றுவிட்டு உள்ளே போகிறான். வீட்டில் அப்பா குளிரில் நடுங்குகிறார். மகன் கூத்துப் பார்க்கிறான்.

ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை. பொம்மலாட்டக்காரர் மனமிரங்கி, அவன் தந்தைக்கென ஐந்து பொற்காசுகள் தருகிறார். உடனே அவன் போடும் திட்டம் என்ன தெரியுமா? அப்பாவுக்குப் பொன்னும் வெள்ளியும் இழைத்து, வைரப் பொத்தான் வைத்த மேலங்கி! பெரிய மனசுதான். ஆனால் வழியில் ஒரு நரியும் பூனையும் வருகின்றன. காசை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் காசு காய்க்கும் மரம் முளைக்கும் என்கின்றன. நம்பிவிடுகிறான். சில மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று செல்பேசியில் வரும் செய்தியை நம்புகிற பெரியவர்கள் இருக்கும்போது, அந்த மரத்தலையை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

மூக்கு நீண்டதும் இந்தக் காசால்தான். பையில் வைத்துக்கொண்டே தொலைந்துவிட்டது என்று தேவதையிடம் பொய் சொல்கிறான். அறைக்குள் திரும்ப முடியாத அளவுக்கு மூக்கு நீள்கிறது. ஆயிரம் மரங்கொத்திகள் வந்து கொத்திக் கொத்திச் சரிசெய்கின்றன. மூக்கு சரியாகிவிட்டது, ஆனால் அவன் இன்னும் மரமாகவே இருக்கிறான். இதைக் கவனியுங்கள்.

இதற்கிடையில் அப்பா சும்மா இருக்கவில்லை. காணாமற்போன மகனைத் தேடிச் சின்னப் படகில் கடலில் இறங்குகிறார். பிரம்மாண்டமான சுறா ஒன்று அவரை விழுங்கிவிடுகிறது. 1940-இல் வந்த வால்ட் டிஸ்னி திரைப்படத்தில் அது திமிங்கலம், புத்தகத்தில் சுறா. அதன் வயிற்றில் இரண்டு ஆண்டுகள், கடைசி மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது, அதே சுறாவால் விழுங்கப்பட்டு மகனும் வந்து சேர்கிறான். சுறாவுக்கு ஆஸ்துமா, வாயைத் திறந்தபடிதான் தூங்கும். அந்த வழியாக வெளியேறி, நீந்தத் தெரியாத தந்தையை முதுகில் சுமந்துகொண்டு கடலில் குதிக்கிறான் பினோக்கியோ.

கரைசேர்ந்த பின் அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை. ஒரு குவளைப் பாலுக்காக அவன் நூறு வாளித் தண்ணீர் இறைக்கிறான். ஐந்து மாதங்கள் இப்படியே உழைக்கிறான். இரவில் கூடை முடைகிறான். நாற்பது காசு சேர்கிறது. தனக்கொரு மேலங்கி வாங்கப் புறப்படுகிறான். வழியில், அன்னைபோல் இருந்த அந்தத் தேவதை மருத்துவமனையில் ஒரு வாய் ரொட்டிக்கும் வழியின்றிக் கிடக்கிறாள் என்று கேள்விப்படுகிறான். நாற்பது காசையும் அப்படியே அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிறான். அன்றிரவு எட்டுக் கூடைக்குப் பதிலாகப் பதினாறு கூடை முடைகிறான்.

மறுநாள் காலை கண்விழிக்கும்போது, அவன் மனிதப் பிள்ளை! நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் பழைய மரப்பொம்மையைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வருகிறது.

அன்பர்களே, மேலங்கியில் தொடங்கிய கதை மேலங்கியில் முடிகிறது. அப்பா ஒன்றை விற்றார். மகன் வைரப் பொத்தான் கனவு கண்டபோது மனிதனாகவில்லை. தனக்கு வேண்டிய ஒரு சாதாரண மேலங்கியை விட்டுக்கொடுத்த நாளில் மனிதனானான். பொய்யை விட்டால் மூக்கு குறையும். அன்பு செய்தால்தான் மரம் மனிதனாகும்.

கதைதானே என்று நினைக்காதீர்கள். 1978-இல் 33 நாள்கள் மட்டுமே திருத்தந்தையாக இருந்த அருளாளர் முதலாம் யோவான் பவுல், அதற்குமுன் வெனிஸ் நகர ஆயராக இருந்தபோது, பினோக்கியோவுக்கு ஒரு கடிதமே எழுதி அச்சிட்டார். திருத்தந்தையான பிறகும் மூவேளை செப உரையில், பள்ளிக்கு முதலில் வந்து கடைசியாகப் போகிற பினோக்கியோவைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். பின்னாளில் கர்தினாலான ஜாக்கோமோ பிஃபி இந்தக் கதைக்கு இறையியல் விளக்க நூலே எழுதினார். ஓடிப்போகும் மகனையும் தேடி வரும் தந்தையையும் எங்கே கண்டாலும் திருச்சபைக்கு லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது.

அந்த உவமையிலும் ஓர் ஆடை உண்டு. கந்தலோடு வந்த மகனுக்குத் தந்தை முதல்தரமான ஆடையை உடுத்துகிறார். அந்த ஆடைக்கு விலை கொடுத்தது யார்? சிலுவைப்பாதையின் பத்தாம் நிலையில் நின்று பாருங்கள். அங்கே ஆண்டவரின் ஆடைகளைக் களைகிறார்கள். நம்மை உடுத்துவதற்காக அவர் களையப்பட்டார்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, பல வீடுகளில் ஜெப்பெத்தோக்களைப் பார்க்கிறேன். பிள்ளைகள் நல்ல நிலையில் வெளியூரில் இருப்பார்கள். கல்லூரிக் கட்டணத்துக்காக விற்ற நிலத்தைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா கிடந்த நிலம்தானே சாமி" என்பார் பெரியவர். அந்த அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். "இந்த வெயிலுக்கு நகை எல்லாம் எதுக்குங்க சாமி" என்பார். மேலங்கி புழுக்கமாக இருந்தது என்று ஜெப்பெத்தோ சொன்னாரே, அதே பதில்தான்!

பெற்றோரே, ஜெப்பெத்தோ தம் மேலங்கியைச் சொல்லிக்காட்டவே இல்லை. நீங்களும் சொல்லிக்காட்ட வேண்டாம். ஆனால் பிள்ளைகளே, அவர்கள் சொல்லாததால் நாம் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. இந்த வாரம் ஒருநாள் மாலை அப்பா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "எனக்காக நீங்க எதையெல்லாம் வித்தீங்க?" தொலைவில் இருப்பவர்கள் தொலைபேசியிலாவது கேளுங்கள். வைர மேலங்கி வாங்கித் தரும் காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ஒரு குவளைப் பால் போதும்.

நமக்காகத் தம்மையே வெறுமையாக்கிய ஆண்டவர், நம் மர இதயங்களைத் தசையிதயங்களாக மாற்றி, நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.