பூட்டும் சில்லும்: வேகம் மட்டும் போதுமா?

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகம். கிள்ளானில் அதன் கிடங்கு. இரண்டுக்கும் இடையே கணக்கு விவரங்கள் இணையம் வழியாகப் போய் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வழியில் எவரும் அதைப் படிக்கக் கூடாது. அதற்கு மறைக்குறியாக்கம். எவரும் ஓர் எண்ணைக்கூட மாற்றி அனுப்பக் கூடாது. அதற்குச் சான்று சரிபார்ப்பு. இரண்டையும் செய்து தருவது ஐபிசெக் என்னும் ஏற்பாடு.

பூட்டுவதற்கும் திறப்பதற்கும் கணினி பெரும் கணக்குப் போட வேண்டும், வேகம் குறையும். இதற்கு விண்டோஸ் 2000 ஒரு வழி செய்தது. கணக்கை மையச் செயலி போடாமல், வலையமைப்பு அட்டையில் உள்ள சில்லே போடலாம். 'இன்ன இன்ன பூட்டுகள் எனக்குத் தெரியும்' என்று அட்டையின் டிரைவர் மென்பொருள் முதலில் இயங்குதளத்திடம் தெரிவிக்கும். பிறகு சாவியைப் பெற்றுச் சில்லிடம் ஒப்படைக்கும். நல்ல யோசனைதானே?

சிக்கல் பிறகு வந்தது. அந்நாளைய அட்டைகள் அறிந்தவை டி.இ.எஸ்., மும்மடங்கு டி.இ.எஸ். என்ற பூட்டுகளே. டி.இ.எஸ். 1977-இல் அமெரிக்கத் தரமானது. அதன் சாவி 56 பிட். 1998-இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, இதற்கென்றே செய்த இயந்திரத்தால் மூன்று நாள்களுக்குள் அதை உடைத்துக் காட்டியது. 2001-இல் பெல்ஜியர் இருவர் வடித்த ஏ.இ.எஸ். புதிய தரமானது.

மென்பொருளில் பூட்டை மாற்றலாம். சில்லில் பொறித்ததை எப்படி மாற்றுவது? புதிய பூட்டுக்கு மாறினால், காசு கொடுத்து வாங்கிய அட்டையின் திறமை வீண். வேகத்துக்காகப் பழைய பூட்டோடு இருந்தால், கணக்கு விவரங்களுக்கே ஆபத்து. மும்மடங்கு டி.இ.எஸ்.ஸையும் 2023-ஆம் ஆண்டோடு அமெரிக்கத் தர நிறுவனம் ஒதுக்கிவிட்டது.

1972-இலேயே பினாங்கில் ஆலை தொடங்கிய இன்டெல், 2010-இல் ஏ.இ.எஸ். கணக்குக்கான கட்டளைகளை மையச் செயலிக்குள்ளேயே வைத்தது. அட்டையிடம் வேலையை ஒப்படைக்கும் அந்த ஐபிசெக் ஏற்பாட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாப்ட்டும் அறிவித்துவிட்டது.

ஆகவே கடையில் 'வன்பொருள் பாதுகாப்பு' என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பூட்டு? நாளை அது பழசானால் மாற்ற வழி உண்டா? சில்லால் முடியாதபோது மென்பொருள் அந்த வேலையை ஏற்குமா, அல்லது தகவல் பூட்டின்றியே போய்விடுமா?

வேகத்தைச் சில்லு தரும். விழிப்பு நம்முடையது.