கடுங்கேள்வியும் நம் கவலையும்



மைசூருக்குத் தெற்கே, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேசுவரர் திருக்கோயிலாலும் ரசபாளை என்னும் வாழைப்பழத்தாலும் பெயர் பெற்ற ஊர். பிழைப்பை நாடி இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாமும் அவர்களுள் ஒருவர். ஆங்கிலத்தைத் தமிழாக்குவதே நம் அன்றாட வேலை. அவ்வேலையில் நமக்கு நேர்ந்த ஒரு சறுக்கலைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், விடியற்காலை மூன்று மணி. தெரு முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பெரியவர் ஒருவரின் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி, கோவையிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் நண்பர், நாம் ஆகிய அனைவரும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோம். அமெரிக்காவில் அப்பொழுது முந்தைய நாள் மாலை. அங்கே ஆறு மணிக்கு, அதாவது நமக்கு மூன்றரை மணிக்கு, குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் நேர்காணல் ஒளிபரப்பாக இருந்தது. அதனை இணையத்தின் வழியே காணக் காத்திருந்தோம்.

நஞ்சன்கூட்டுக்கும் அமெரிக்கத் தேர்தலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கமலாவின் தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலன், மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். மத்திய அரசு அதிகாரி. 1960களில் அரசுப் பணியாகச் சாம்பியா நாட்டுக்குச் சென்றவர். அவருடைய மகள் சியாமளா தில்லியில் கல்லூரிப் படிப்பை முடித்து, 1958இல், தம் 19ஆம் வயதில், மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா சென்றார். ஊர் விட்டு ஊர் சென்று, பிறகு நாடு விட்டு நாடு சென்ற குடும்பம் அது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அக்கதை புதிதன்று. துளசேந்திரபுரத்துக் கோயிலில் நன்கொடையாளர் பெயர்களோடு கமலாவின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் நாளன்று அங்கே சிறப்பு வழிபாடும் நடந்தது.

நம் ஊரைத் தொட்டு ஓடும் கபிலை, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலந்து, மேட்டூரைக் கடந்து, கல்லணையில் கிளை பிரிந்து, தஞ்சைச் சமவெளியின் வயல்களை நனைக்கிறது. "இங்கே குளித்த தண்ணீர் எங்கள் ஊருக்குப் போகிறது" என்பார் பெரியவர். அப்படிப்பட்டவருக்குக் கமலா 'வீட்டுப் பெண்' ஆகிவிட்டதில் வியப்பில்லை.

ஆனால் அன்று அவர் முகத்தில் கவலையே மிகுந்திருந்தது. காரணம், நேர்காணல் நடந்த இடம். பாக்ஸ் நியூஸ் என்பது டிரம்பின் ஆதரவாளர்கள் பெரிதும் விரும்பிப் பார்க்கும் நிறுவனம். கேள்வி கேட்பவர் பிரெட் பேயர்; விடாப்பிடியாகத் துருவிக் கேட்பவர். சூலை 21 அன்று பைடன் விலகிய பின் வேட்பாளரான கமலா, நேர்காணல்களுக்குப் போகத் தயங்குகிறார் என்ற குறை அப்பொழுது பரவலாக இருந்தது. அவருடைய முதல் பெரிய தொலைக்காட்சி நேர்காணல் ஆகஸ்டு 29 அன்றுதான் வந்தது; அதிலும் துணைத் தலைவர் வேட்பாளர் டிம் வால்ஸ் உடன் அமர்ந்திருந்தார். இம்முறையோ தனியாக, அதுவும் எதிரணியின் வாசலில்!

"தெரிந்தே ஏன் புலிக்குகையில் நுழைய வேண்டும்?" என்றார் பெரியவர். கடைக்கார நண்பரோ 2004ஆம் ஆண்டை நினைவூட்டினார். அப்பொழுது பிபிசி தொலைக்காட்சிக்காகக் கரண் தாப்பர் கேட்ட கேள்விகளால் சினமுற்ற முதலமைச்சர் ஜெயலலிதா, தமக்கு அதில் மகிழ்ச்சியில்லை என்பதை இறுதியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "அந்தக் காலத்தில் நாங்கள் கேட்டவரைத் திட்டினோமே ஒழிய, கேட்ட கேள்வி என்ன என்று யோசிக்கவில்லை" என்று சிரித்தார் நண்பர்.

இவ்வாறு நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பேத்தி மட்டும் ஒரு குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டோம். "நான் பேயராக இருந்தால் என்ன கேட்பேன் என்று எழுதியிருக்கிறேன், மாமா" என்று காட்டினாள். மூன்று கேள்விகள். அனுமதியின்றி எல்லை கடந்து வந்தோர் பற்றி உங்கள் அரசு மூன்றரை ஆண்டுகளில் என்ன செய்தது? பைடனிடமிருந்து நீங்கள் எதில் வேறுபடுவீர்கள்? நிலத்தடிப் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுப்பதைத் தடை செய்வேன் என்று 2019இல் சொன்ன நீங்கள், இப்பொழுது மாட்டேன் என்பது ஏன்?

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுப் பெண்ணிடம் இப்படியா கேட்பது?" என்றார்.

"வீட்டுப் பெண் என்பதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும், தாத்தா? பாட்டனார் ஊர் தெரியும். கோயிலில் பெயர் இருப்பது தெரியும். பதவிக்கு வந்தால் என்ன செய்வார் என்று தெரியுமா? கேட்டால்தானே தெரியும்?"

அவளுக்கு விடை சொல்ல எங்களில் எவராலும் முடியவில்லை. அதற்குள் நேர்காணலும் தொடங்கிவிட்டது.

பெரியவருக்கு வேகமான ஆங்கிலம் பிடிபடாது. ஆகவே உடனுக்குடன் தமிழில் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பேயர் எடுத்த எடுப்பிலேயே குடியேற்றத்தைப் பற்றித்தான் கேட்டார்: எல்லையில் பிடிபட்டு, பின் நாட்டுக்குள் விடப்பட்டவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கை கேட்ட கேள்வி அது. கமலா எண்ணிக்கை சொல்லவில்லை. குடியேற்ற முறையே பழுதுபட்டிருக்கிறது, அதைச் சீர்திருத்த வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டனர். நாம் பெரியவரின் முகத்தைப் பார்த்தோம். "கணக்கைவிடக் காரணமே முக்கியம் என்று தெளிவாக எடுத்துச் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தோம்.

"மாமா, அவர் அப்படிச் சொல்லவில்லையே!" என்றாள் பேத்தி.

உண்மைதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. அரசுக் கோப்புகளில் ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் பெயர்த்தெழுதுவதே நம் தொழில். அத்தொழிலில் பல ஆண்டுகள் கழித்த நாம், நமக்குப் பிடித்தவர் ஒருவர் என்றவுடன் இல்லாத தெளிவை அவர் விடைக்குள் வைத்துவிட்டோம். அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி, பெரியவரை ஏமாற்றியிருக்கிறோம். நேயர்களே, ஆதரவாளர் என்ற நிலையில் நாம் எல்லோரும் செய்வது பெரும்பாலும் இதுதான் அல்லவா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நம்மவர் விழுங்கிய விடையை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பியதை அவர் சொன்னதாகவே பிறகு நம்புகிறோம்.

அதன் பிறகு கேட்டதைக் கேட்டவாறே சொன்னோம். பைடனிடமிருந்து வேறுபாடு என்ன என்ற கேள்வியும் வந்தது. தம் ஆட்சி பைடன் ஆட்சியின் தொடர்ச்சியாக இராது என்று கமலா கூறினார். இதில் ஒரு செய்தி இருக்கிறது. எட்டு நாள்களுக்கு முன்னர், அக்டோபர் 8 அன்று, 'தி வியூ' என்னும் நிகழ்ச்சியிலும் அவரிடம் ஏறத்தாழ இதே கேள்வி கேட்கப்பட்டது. அங்கே நட்பான சூழல், சிரித்த முகங்கள். பைடனிலிருந்து மாறாக எதையேனும் செய்திருப்பீர்களா என்றதற்கு, அப்படி எதுவும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டார். டிரம்பின் அணியினர் அவ்விடையைத் தங்கள் விளம்பரங்களில் எடுத்துக் காட்டினர். நாம் அஞ்சி நடுங்கிய கடினமான இருக்கையில் அவர் தம் நிலையைத் திருத்திச் சொல்ல முடிந்தது. நாம் கவலையின்றிப் பார்த்த மெத்தை இருக்கைதான் அவரை வழுக்கிவிட்டது. பேத்தி தன் குறிப்பேட்டின் இரண்டாம் கேள்விக்கு நேரே ஒரு கோடு இட்டாள்; அருகில் 'பாதி விடை' என்று எழுதினாள். தொடர்ச்சியன்று என்றால் எதில் மாற்றம் என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லையாம்.

சற்றேறக்குறைய அரை மணி நேரத்தில் நேர்காணல் முடிந்தது. அமெரிக்காவில் அன்று அதனைப் பார்த்தவர்கள் 70 இலட்சத்துக்கும் மேல். நவம்பர் 5ஆம் நாள் தேர்தலில் டிரம்ப் வென்றார். தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 312, கமலாவுக்கு 226. ஒரு நேர்காணலை வைத்து அம்முடிவுக்குக் காரணம் கற்பிக்க நாம் முயலவில்லை. பெரியவருக்கு வருத்தந்தான். ஆனால் அந்த விடியற்காலையைப் பற்றி அவர் வருந்தவில்லை.

இடித்துரைப்பார் இல்லாத அரசனுக்கு நேரும் கேட்டை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். பேயர் கமலாவின் துணைவர் அல்லர். அவருடைய கேள்விகள் யாவும் நடுநிலையானவை என்று சொல்லவும் நாம் துணியமாட்டோம். குறுக்கீடு மிகுந்தால் விடையே வெளிவராது என்பதும் உண்மை. ஆயினும், அன்பர் கேட்கத் தயங்கியதை எதிர்த்தரப்பார் கேட்கும்போது அதில் நமக்கும் பயன் உண்டு. வேட்பாளரை ஏன் இப்படிக் கேட்டார்கள் என்று சினப்பதற்கு முன், இக்கேள்வியை நாமே ஏன் கேட்கவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கடல் கடந்த தேர்தலில் நமக்கு வாக்கில்லை. ஆனால் வாழும் ஊரில் பலருக்கு வாக்கு உண்டு. வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, "நீங்கள் எந்த ஊர்? தமிழ் தெரியுமா?" என்று கேட்டு, தெரியும் என்றதும் மகிழ்ந்து அனுப்பிவிடுகிறோம். அதற்கு மேல் கேட்டால், வந்தேறிக்கு ஏன் இந்த வாய் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் நமக்கு உண்டு. கூச்சம் வேண்டியதில்லை. வரி செலுத்துகிறோம், அதே ஆற்று நீரைக் குடிக்கிறோம்.

அன்று விடிந்து நாம் புறப்படும்போது, பெரியவர் பேத்தியிடம் குறிப்பேட்டில் ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னார். நடுங்கும் கையெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'கபிலையில் சாக்கடை கலப்பதை எப்பொழுது நிறுத்துவீர்கள்?' பிறகு நம் பக்கம் திரும்பி, "இதைக் கன்னடத்தில் எழுதித் தாருங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கொடுக்க வேண்டும். தமிழராய் இருந்தாலும் சரி, கன்னடராய் இருந்தாலும் சரி. ஆனால் ஒன்று, எழுதியிருப்பதை மட்டும் மொழிபெயருங்கள்" என்றார்.

எழுதியிருந்ததை மட்டுமே மொழிபெயர்த்துக் கொடுத்தோம்.