தீர்ந்ததா, காய்ந்ததா?



கம்ப்யூட்டர் திரையில் ‘மை குறைவு’ என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. உடனே கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறோம். கொஞ்சம் பொறுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டர்கள் பலவும் உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று அளந்து பார்ப்பதில்லை. இதுவரை எத்தனை சொட்டு தெளித்தோம் என்று கணக்கு வைத்து, அதைக் கழித்துச் சொல்கின்றன. அது உத்தேசக் கணக்குதான். எழுத்து வெளிறாத வரைக்கும் அச்சடித்துக்கொண்டே இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கார்ட்ரிட்ஜ் நிறைய மை இருக்கும். தாளில் ஒரு பொட்டுகூட விழாது. காரணம், மை வெளியே வரும் துளை காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே பிரின்டர் மக்கர் பண்ணினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மை தீர்ந்ததா, காய்ந்ததா? தீர்ந்ததற்கு மருந்து வேறு, காய்ந்ததற்கு மருந்து வேறு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். 1977-இல் ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயன் ஒன்று மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசிமேல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டுத் தெறித்தது. அங்கே வேலை பார்த்த இச்சிரோ எண்டோ அதைப் பிடித்துக்கொண்டார். சூடாக்கினால் மையில் குமிழி உண்டாகிறது, குமிழி மையை வெளியே தள்ளுகிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் எச்பி கம்பெனியும் தனியாக இதே வழிக்கு வந்து, 1984-இல் திங்க்ஜெட் என்ற பிரின்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக் கார்ட்ரிட்ஜின் அடியில் தகடுபோல மின்னும் பகுதியில் முடியைவிடச் சன்னமான துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்ன ஹீட்டர். ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால், அதில் சில பங்கு நேரத்துக்குள் சுமார் 300 டிகிரி சூடு ஏறி, ஒரு சொட்டு மை தாளில் போய் விழுகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த ஹீட்டரைக் குளிர்விப்பதும் மைதான். மை சுத்தமாக வற்றிய பிறகும் பிரின்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஹீட்டர் கருகிவிடும். அதற்குப் பிறகு எந்த மையை ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. எழுத்து வெளிற ஆரம்பித்ததுமே ரீஃபில் செய்துவிட வேண்டும்.

இனி ரீஃபில். முதலில் உங்கள் மாடலுக்கு ஏற்ற மையைக் கேட்டு வாங்குங்கள். மையில் இரண்டு வகை: டை, பிக்மென்ட். டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். பிக்மென்டில் நுண்ணிய துகள்கள் மிதக்கும். டை மைக்காகச் செய்த துளையில் பிக்மென்டை விட்டால் அடைத்துக்கொள்ளும்.

கீழே பழைய நியூஸ்பேப்பரை விரியுங்கள். கார்ட்ரிட்ஜின் மேல் லேபிளை மெதுவாக உரித்தால் ஓட்டைகள் தெரியும். கறுப்பில் ஒரே அறை. கலரில் மூன்று அறைகள்: மஞ்சள், ரோஸ், நீலம். எது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு ஓட்டையிலும் புதுப் பல்குச்சியை விட்டு எடுத்தால் நுனியில் நிறம் தெரிந்துவிடும். அந்தந்த நிறத்துக்கு ஒரு தனி சிரிஞ்சு. உள்ளே இருப்பது ஸ்பாஞ்சு. அதற்குள் ஊசியை இறக்கி, மிக மெதுவாக மையை விடுங்கள். கலரில் அறைக்கு ஒன்றிரண்டு மில்லி போதும். மேலே மை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். ஆசைப்பட்டு நிரப்பினால் பக்கத்து அறைக்குள் வழிந்து நிறம் கலந்துவிடும்.

ஓட்டையை எம்-சீல் போட்டு இறுக அடைத்துவிடுகிறார்கள் சிலர். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் இறங்கும். அதே கதைதான் இங்கேயும். மை இறங்க இறங்க உள்ளே காற்று போயாக வேண்டும். ரீஃபில் செய்த பிறகு முதல் இரண்டு பக்கம் பளிச்சென்று வந்து, மூன்றாவது பக்கத்தில் நின்றுபோனால், காற்று வழி அடைபட்டிருக்கலாம். பழைய லேபிளையே லேசாக ஒட்டினால் போதும்.

இப்போது கார்ட்ரிட்ஜை, துளைகள் இருக்கும் பக்கம் கீழே பார்க்க, மடித்த டிஷ்யூ பேப்பர்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தேய்க்காதீர்கள். எடுத்துப் பார்த்தால் மூன்று நிறமும் பட்டை பட்டையாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பட்டை மட்டும் இல்லையென்றால் அந்த நிறம் காய்ந்திருக்கிறது. டிஷ்யூவை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, அதன்மேல் கார்ட்ரிட்ஜைச் சில நிமிடம் வைத்தால் உறைந்த மை இளகும். தாமிர நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் மின் தொடர்புகளில் மை பட்டிருந்தால் துடைத்துக் காயவிட்டுப் பொருத்துங்கள். ‘கார்ட்ரிட்ஜை அடையாளம் தெரியவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் இந்த அழுக்கால் வருவது.

அச்சு சரியில்லை என்றதும் ‘கிளீனிங்’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சி எடுத்து, பிரின்டருக்குள் இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. முதலில் நாசில் செக் என்ற சோதனைத் தாளை எடுங்கள். கோடு விட்டுப் போயிருந்தால் அடைப்பு. கோடெல்லாம் முழுசாக இருந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அலைன்மென்ட் செய்தாலே சரியாகும். படத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். தக்காளி ரோஸாக வந்தால் மஞ்சள் போகவில்லை. தக்காளி மஞ்சளாக வந்தால் ரோஸ் போகவில்லை. இலை மஞ்சளாக வந்தால் நீலம் போகவில்லை.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு போவது கார்ட்ரிட்ஜின் குற்றமில்லை, தாளில் ஏறிய ஈரம். தாள் கட்டை விசிறிப் பிரித்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்னது தலை, அதாவது ஹெட், கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து வரும் வகைக்கு. எப்சன் பிரின்டர்களில் ஹெட் மெஷினோடு இருக்கும். அதில் அடைப்பு வந்தால் செலவு பெரிது. இந்தோனேசியாவில் ஜனங்கள் இப்படிப்பட்ட பிரின்டரின் கார்ட்ரிட்ஜுக்கு டியூப் இழுத்து, வெளியே மை டப்பா மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எப்சன் கம்பெனியே 2010-இல் டேங்க் வைத்த பிரின்டரை முதலில் அங்கேதான் இறக்கியது. மாதம் நூற்றுக்கணக்கில் பக்கம் அடிக்கிறவர்களுக்கு டேங்க்தான் கட்டுப்படியாகும். அங்கேயும் எதிரி அதே காய்ச்சல்தான்.

காயாமல் காக்க இரண்டு பழக்கம் போதும். ஒன்று, பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்துவிட்டுப் பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். நேரே சுவர் சுவிட்சை அணைத்தால் பாதி வழியில் திறந்த வாயோடு நின்று காயும். இரண்டு, வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் அடியுங்கள்.

ரீஃபிலுக்கும் ஆயுசு உண்டு. சில முறைக்குப் பிறகு, ஈர டிஷ்யூவுக்குப் பிறகும் ஒரு கிளீனிங்குக்குப் பிறகும் கோடு விட்டுப் போயிருந்தால் ஹெட் தேய்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குப் புதுசு வாங்குங்கள். அந்தச் செலவு நியாயமான செலவு.